காலி செய்த கட்டில்

மூன்று வாரமாக ஒரு மென்பொருளை
உடைத்துக்கொண்டிருக்கிறேன், சம்பளத்துக்கு.
ஷார்ஜாவில் விசா தட்டச்சுக் கடைகள் பலவும்
பிடிஎஃப் திறப்பது அதில்தான்.

இரவெல்லாம் கோணல் கோப்புகளைத் தீனியாகப் போடுவேன்.
நாற்பது எழுத்து என்று தலைப்பில் சொல்லிவிட்டு
நாலாயிரத்தோடு வரும் கோப்பு.
இல்லாத எழுத்துருவைக் கைகாட்டும் கோப்பு.
பெரும்பாலும் முகம் சுளித்து மூடிக்கொள்ளும்.
புதன்கிழமை மூன்றேகாலுக்கு
மூடவில்லை.
பக்கம் வெள்ளையாக நின்றது.
உள்ளே, அடுத்துப் போகவேண்டிய முகவரியில்
41 41 41 41.
நான் திணித்த ஒரே எழுத்து, வரிசையாக.
போ என்றால் போகும், எங்கே வேண்டுமானாலும்.

காரணம் சின்னது.
ஒரு படத்துக்கு இடம் கேட்டு வாங்குகிறது.
படம் கெட்டது என்றதும் திருப்பிக் கொடுக்கிறது.
கொடுத்ததை மறந்து
பக்கம் வரையும்போது மறுபடி அங்கேயே போகிறது.
அதற்குள் வேறு யாரோ குடிவந்தாயிற்று.

மேலாளர் ஃபிராஸ் கேட்டார்:
விட்ட இடத்துக்கு யார் திரும்பப் போவார்கள்?

ரோலாவில் எங்கள் அறையில் எட்டுக் கட்டில்.
விசா ரத்தாகி நைனா முகம்மது கிளம்பிய அன்றே
ஜன்னலோரக் கீழ்க்கட்டில்
சுடலைமாடன் என்ற பையனுக்குப் போனது,
மாதம் அறுநூறு திர்ஹம், ஏசி உட்பட.
விமானம் தவறி, இரவு இரண்டு மணிக்குத் திரும்பினார் நைனா.
சாவி இருந்தது. கதவு திறந்தது.
இருட்டில் ஆறு வருடப் பழக்கம்:
மூன்று எட்டு, இடப்பக்கம், செருப்பைத் தள்ளு, உட்கார்.
பையனின் நெஞ்சின் மேல் உட்கார்ந்தார்.
அலறல். விளக்கு.
நாங்கள் ஏழு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
நைனா சிரிக்கவில்லை.
தலைமாட்டில் தான் ஒட்டிய தொழுகை நேர அட்டையைத் தேடினார்.
பசைத் தடம் மட்டும் நாலு மூலையில்.

நைனா நல்ல மனிதர்.
அந்தச் சாவி வேறு கையில் இருந்திருந்தால்
என்று யோசித்தபடிதான்
'பாதிப்பின் தீவிரம்' என்ற கட்டத்தை நிரப்பினேன்.

திருத்தம் ஒரே வரி:
இடத்தைத் திருப்பியதும் முகவரியை அழி.
அடுத்த வியாழன் வெளியிட்டோம்.
கடைகளில் பாதி இன்னும் பழையதைத்தான் ஓட்டுகிறது,
புதுப்பிக்கவா என்று கேட்கும் பெட்டியைப்
பிறகு பிறகு என்று தள்ளிவிட்டு,
யாருடைய பாஸ்போர்ட் நகலையோ திறந்தபடி.

என் வளையத்தில் ஐந்து சாவி.
நாலுக்குக் கதவு உண்டு.
ஐந்தாவது, தேராவில் மூன்று வருடம் முன்பு விட்ட அறை.
போன வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலை.
லிஃப்ட் வரைக்கும் போனேன்.