ரீடிங்

மூக்கு நுனியில் முதலில் பலாப்பிஞ்சின் சொரசொரப்பு.
பிறகு முள்.
கருவேலங்கன்று விடும் முதல் முள் மாதிரி, வெளிர்மஞ்சளாய்.
புருவம் பாதி உதிர்ந்துவிட்டது.

வில்லாபுரத்தில் எழுநூற்றுச் சொச்சம் மீட்டர் என் கணக்கு.
"கரண்டுக்காரரே, மூஞ்சில என்ன?"
கேட்டவர்கள் நல்லவர்கள்.
கேட்காதவர்கள் வெள்ளை அட்டையை
ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்கள்.
ஒருத்தி அம்மை என்று முடிவுகட்டி
மீட்டர் பெட்டியில் வேப்பிலை செருகியிருந்தாள்.
நாய்கள் மட்டும் வழக்கம்போல் குரைத்தன.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நாச்சம்மை
லென்ஸ் வைத்துப் பார்த்தார், வெகுநேரம்.
முக்கால்வாசிப் பேர் தோலில் சும்மா படுத்துக் கிடக்கிற வைரஸாம்.
உள்ளே காவல் இருந்தால் எழுந்திருக்காதாம்.

காவல் நாயை மயக்கி வைத்ததே நான்தான்,
காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரை போட்டு,
மூன்று வருஷமாக.
அது விழித்தால் முதலில் பாயப்போவது
செல்லக்கிளியின் கிட்னிமேல்.
என் வலது அடிவயிற்றில் இருக்கிறது.
கைவைத்தால் தட்டுப்படும்.

"ஒரு போட்டோ எடுத்துக்கவா? ஸ்டூடண்ட்ஸுக்குக் காட்ட.
கண்ணை மறைச்சிருவோம், ஆள் தெரியாது."
கண்ணை விட்டுவிட்டு மூக்கை மறைக்க முடியுமா மேடம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கேமராவைக் கொஞ்சநேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

ஒரு மாத்திரையைக் குறைத்தால் முள் உதிரலாம்.
கிட்னி தாங்கலாம்.
தாங்காமலும் போகலாம்.
மூன்று லாம் வாங்கிக்கொண்டு
கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட் அவனியாபுரம் வரை காலி.

செல்லக்கிளி யோசிக்கவே இல்லை.
"குறை. குடுத்தது குடுத்ததுதான்.
அதுக்குப் பயந்து முள்ளோட படுப்பியா,
கன்னம் கீறுது எனக்கு."

பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம்
இப்போது இரண்டு பத்தி போட்டிருக்கிறாள்.
கிரியேட்டினின் ஒரு பக்கம்: 1.2. 1.2.
1.3 எழுதும்போது பேனா நின்று, மறுபடி நகர்ந்தது.
முள் ஒரு பக்கம்.
டியூப்லைட்டுக்கு நேராக என் முகத்தை அண்ணாக்கப் பிடித்து
உதடு அசைய எண்ணுகிறாள்,
நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

நேற்று அறுபத்திரண்டு.
இன்று அறுபத்தொன்று.
ஒன்று தலையணையில் கிடந்தது.
விரல் நுனியில் ஒட்டியெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்,
குறைச்சே எழுதலாமா?

பதினெட்டு வருஷ சர்வீஸில்
பின்னால் ஓடின மீட்டர் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

எழுதிக்கோ, என்றேன்.