மீதத் தீனி

ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில்
எனக்கு வேலை மீதத்தை நிறுப்பது.
தீனியை நிறுத்து வைக்க வேண்டும்.
அரை மணி கழித்துத் தட்டை எடுத்துத்
தின்னாததை நிறுக்க வேண்டும்.
தின்றது எவ்வளவு என்பதைத்
தின்னாததுதான் சொல்லும்.

இன்று பத்தொன்பதாம் நோன்பு.
மேலப்பாளையத்தில் நாலு மணிக்கு
ரெண்டு இட்லி, ஒரு செம்புத் தண்ணீர்.
காலையில் பாலம் ஏறும்போது
கண்ணுக்கு முன்னால்
நாக்கு பார்த்துவிட்டது ஆற்றை.

ஐந்து நாள் குஞ்சுகள், முப்பது.
இரைப்பை கல்லாக இறுகும்வரை தின்னவிட்டு
டாக்டர் அமலோற்பவம் தலையைப் பிடிக்கிறார்.
ஓடு இறுகாத மண்டைக்குள் மயிரிழை ஊசி,
ஒரு சொட்டில் ஐந்தில் ஒன்று.

உள்ளே போவதன் பெயர் நியூரோபெப்டைட் ஒய்.
முப்பத்தாறு அமினோ அமிலம், வரிசை மாறாத சரம்.
என் தஸ்பீஹில் முப்பத்து மூன்று மணி.
மூன்று கூடினால் பசி.

முதன்முதலில் இதைப் பிரித்தது பன்றி மூளையிலிருந்து,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
"இது சிந்தெட்டிக்தான் மைதீன்பிச்சை, மெஷின்ல கோத்தது."
"நான் என்ன குடிக்கவா போறேன் டாக்டர்?"
அவர் சிரித்தார்.
எனக்கு உதடு வெடித்தது.

பிறகு பார்க்க வேண்டும்.
இடமில்லாத வயிற்றோடு
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோலக் கொத்துகின்றன.
வயிறு போதும் என்கிறது.
குடல் ஆள் அனுப்பிச் சொல்கிறது, போதும்.
மூளையின் அடியில்
கடுகிலும் சின்ன இடத்தில்
யாரோ கதவைச் சாத்திக்கொண்டு
கொண்டா கொண்டா என்கிறார்கள்.
பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அதுகளுக்கு நிஜமாகவே பசி.

ஒரு மணிக்கு மேல் என் வயிறும் இரைந்தது.
அதே சரம்தான் எனக்குள்ளும்,
ஒன்றிரண்டு மணி மாறியிருக்குமாம்.

பதினேழாம் குஞ்சு தின்னவில்லை.
தட்டருகே போய் நின்றது.
ஒருமுறை காலால் கிளறியது.
பிறகு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.
வைத்தது இருபது கிராம்.
அரை மணி: மீதம் இருபது.
ஒரு மணி: இருபது.
இரண்டு மணி: பத்தொன்பது புள்ளி ஒன்பது,
அது ஃபேன் காற்றில் போன தூசியாயிருக்கும்.

ஊசி தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.
தப்பினது கணக்கில் சேராது.
அதற்குத்தான் மருந்தில் நீலச் சாயம் கலப்பதும்
சாயங்காலம் உயிரை எடுத்து
மூளையைக் குறுக்கே வெட்டுவதும்.
வாயுவைத் திறக்கும்போது
வாய்க்குள் பிஸ்மில்லா சொல்வேன்.
அது செல்லுமா, தெரியாது.
இருபத்தொன்பதைப் பற்றி
வேறொன்றும் சொல்லப் போவதில்லை.

பதினேழைக் கடைசியில் எடுத்தோம்.
மொச்சைப் பருப்பளவு வெள்ளை.
நடுப்பள்ளத்தில்
நீலம்,
இருக்க வேண்டிய இடத்தில்.

டாக்டர் விளக்கைத் தள்ளி வைத்தார், கிட்டே இழுத்தார்.
"எழுதிக்கோங்க," என்றார் வெகுநேரம் கழித்து.
"பூஜ்யம். அடிக்க வேண்டாம்."

ஈரடுக்குப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன்.
எங்கிருந்தோ பாங்கு
ஹெல்மெட்டுக்குள் வந்தது.
சட்டைப்பையில் ஒரு பேரீச்சம்பழம்.
எடுத்து உதடுவரை கொண்டுபோய்விட்டேன்,
பகலெல்லாம் இரைந்தது
அந்த நேரம் பார்த்து இல்லை.
உள்ளே போய்த் தேடினேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தி
"யோவ், தூங்குதியா வே?"

தின்றேன்.
கொட்டையைத் துப்பாமல்
பையில் போட்டுக்கொண்டேன்.
காலையில் தராசு சும்மாதான் இருக்கும்.