பூக்கணக்கு

பூபாலரெத்தினத்தின் உழவுயந்திரத்துக்கு டீசல் மூன்று லீற்றர்.
கயிறு ஒரு கட்டு. பிளேன்ரீ ஏழு.
பூவுக்கு ஒரு சதமும் இல்லை.
தும்பங்கேணிக்கு அங்கால்
வைகாசிக் காடு ரசீது கேட்பதில்லை.

கொன்றைக்குக் கிருபாஜினி ஏறினாள்,
"முசுறு, முசுறு" என்று கத்திக்கொண்டே.
காயாம்பூ நீலத்தை நான்
கொப்போடு முறித்தேன்,
கை பாவம் பார்க்கவில்லை.
வரம்போரத் தும்பையை மட்டும்
குந்தியிருந்து ஒவ்வொன்றாய்க் கிள்ளவேணும்.
ஒரு சிரங்கை சேருமுன்
நாரி விட்டுப்போகும்.

பொழுதுபடப் பந்தல் நிறைந்தது.
வாசலில் கமுகம்பாளை விரித்தாயிற்று.
நாளை கண்ணகை அம்மன் கதவு திறத்தல்,
இன்னும் ஓர் இரவுதான்.

இரண்டரைக்கு வந்தது தனியன்.
வெடி கொளுத்தப் போன பொடியன்
நெருப்புப்பெட்டியும் கையுமாய்
அது தின்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.
முதலில் பாளை. மறுகா கொன்றை,
காம்பை மிதித்துப் பூவை உருவி,
அவசரமில்லாமல்,
வெற்றிலை வைத்து அழைத்த ஆளைப்போல.
தும்பையைத் தொடவில்லை.
"அதுக்குக் குந்தத் தெரியாதாக்கும்"
என்றாள் கிருபாஜினி.

கதவு திறந்தபோது
அம்மனுக்கு வெள்ளை மட்டும்.
பந்தலில் வெறும் கயிறு.
குரவை என்னவோ
போன வருசத்தைவிடப் பலமாய்த்தான் கேட்டது.

யானை தின்றதைச் செலவில் போடுவதா,
வரவில் போடுவதா?
இரண்டுக்கும் கையெழுத்து வைக்கமாட்டாராம் தலைவர்.

மறுநாள் வட்டைக்குள்
ஆறிக் கிடந்த இலத்தியில்
ஒரு கொன்றை மொட்டு,
நசியாமல், மஞ்சளாய்.
கொப்பியை எடுத்தேன்.
பேனை எழுதவில்லை.