ஐந்தாம் வேற்றுமை

காலை ஆறேகால்.
மீன் ஆலையில் முதல் முறை தொடங்குமுன் அவள் வருவாள்,
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே.
கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும்
பட்டைச்சுருள் ரொட்டியைப் பார்த்து
"த்வெய்ர் ஸ்னூதார்" என்பாள்.

தப்பு.
கேட்கும்போது "த்வோ ஸ்னூதா" என்று வரவேண்டும்.
ரொட்டி தன்பாட்டில் இருக்கையில் ஒரு பெயர்.
யாரோ அதற்கு ஆசைப்பட்டால் வேறு பெயர்.
ஐஸ்லாந்துக்காரர்கள் நாங்கள்
இதை யோசித்துப் பேசுவதில்லை.

நான் திருத்தவில்லை.
சிரித்தேன். ஆங்கிலத்துக்குத் தாவினேன்:
இரண்டா, வேறென்ன, பை வேண்டுமா.
அவளுக்கும் எனக்கும் அது இரவல் பாஷை.
கரிசனம் என்றுதான் நினைத்திருந்தேன்.
வரிசை நீளம், அடுப்பில் இன்னொரு தட்டு.

இப்படியே நான்கு குளிர்காலம்.

பிப்ரவரியில், பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
ஊர்க்கூட்டம்.
டயர் கடை ஸ்டெய்ந்தோர் எழுந்தான்:
"பத்து வருஷமாய் இங்கே சம்பளம் வாங்குகிறார்கள்,
நம் பேச்சில் பத்து வார்த்தை வராது.
வந்த இடத்து மொழியைப் படிக்க வேண்டாமா?"
கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

படிக்கத்தான் வேண்டும், இன்றும் சொல்வேன்.
காய்ச்சலில் அனத்தும் பிள்ளைக்கு
எங்கே வலி, எப்போதிலிருந்து என்பதை
நள்ளிரவுத் தொலைபேசியில் சைகையால் சொல்ல முடியாது.
கையெழுத்துக் கேட்கும் தாளில் என்ன இருக்கிறதென்று
தாளை நீட்டிய முதலாளியிடமே
கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூடாது.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
அவள்தான். லித்துவேனியாக்காரி.
பெயர் டாங்குவோலே என்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
கசங்கிய காகிதம் ஒன்றைப் பார்த்து
எங்கள் மொழியில்,
உறைந்த ஏரியில் காலை வைத்து வைத்துப் பார்ப்பதுபோல்
சொல் சொல்லாய்ப் படித்தாள்:

"வகுப்பு மாலை ஐந்து மணி.
என் வேலை ஏழு வரை.
ஆகவே நான் ரொட்டிக் கடையில் படிக்கிறேன்.
ஒரு நாள், ஒரு வாக்கியம்.
பதில் வேறு மொழியில் வருகிறது."

"நன்று, மிக நன்று!" என்றான் ஸ்டெய்ந்தோர்
ஆங்கிலத்தில்.

யாரும் சிரிக்கவில்லை.
அவனுக்கே அது உறைக்கவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
அடுத்த பொருள், துறைமுக விளக்குகள் என்றார் தலைவர்.

எங்கள் மொழிக்கு வேற்றுமை நான்கு
என்று பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன்.
ஐந்தாவது ஒன்று உண்டு, எந்த இலக்கணத்திலும் ஏறாதது.
அதன் உருபு ஒரு புன்னகை.
பொருள், நீங்கலும் எல்லையும்.
இந்த ஊரில் அதை மட்டும்
ஒருவரும் பிழையாய்ச் சொல்வதில்லை.

மறுநாள் ஆறேகால்.
"த்வெய்ர் ஸ்னூதார்."
ஆங்கிலம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
விழுங்கினேன்.
"த்வோ" என்றேன். "த்வோ ஸ்னூதா."

அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பேன் போல.
முறைத்தாள்.
நான்கு வருஷமாய் இதை எங்கே வைத்திருந்தாய்
என்று கேட்கிற முறைப்பு.
"த்வோ" என்றாள். "த்வோ. த்வோ."

பை வேண்டுமா என்று கேட்டேன், எங்கள் மொழியில்.
புரியவில்லை. மறுபடி கேட்டேன்.
பையைத் தூக்கிக் காட்டி மூன்றாம் முறை கேட்டேன்.
வரிசை இருமியது.
உள்ளே ஒரு தட்டு கருகும் வாசனை.
கருகட்டும் என்று நின்றேன்,
அவள் "வேண்டாம்" என்பதற்கான சொல்லைத்
தேடி எடுக்கும்வரை.