பல்லைக் கடித்துக்கொண்டு

வைட் அவென்யூ பல் மருத்துவர்
என் கடைவாயைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினாள்.
"தூக்கத்தில் அரைக்கிறாய்.
வயது முப்பத்தெட்டு, பல்லுக்கு ஐம்பத்தைந்து."
இரவில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் செய்யலாம்,
அறுநூறு டாலர்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றுதானே
சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.
சொன்னபடியே செய்திருக்கிறேன்,
உறக்கத்திலும் விடாமல்.

ஞாயிறு பள்ளியில் பொறுமைக்கென்று
ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான்.
யார் என்ன சொன்னாலும்
"ஸ்தோத்திரம்" என்று சிரிப்பேன்.
அந்தச் சொல்லுக்கு அடியில்
எத்தனை சொற்களைப் புதைத்தேன் என்று
கர்த்தருக்கும் கடைவாய்ப் பல்லுக்கும்தான் தெரியும்.

டிசம்பர் பதினொன்று.
சூரியன் நாலேகாலுக்கே போய்விட்டது.
ஆறு மணிக்கு வங்கிக் கணக்கைத் திறந்தேன்.
நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த ஏழாயிரம் இல்லை.
முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷம்
படுக்கை மாற்றி, மேல் துடைத்துச் சேர்த்தது.
பொன்சிங் தம்பிக்கு அனுப்பிவிட்டார்.
"அவசரம்னு கேட்டான்.
நீ ஒண்ணும் நினைக்கமாட்டேன்னு தெரியும்."

நினைக்கமாட்டேன்.
அந்த ஒரு சொல்லில்
பதின்மூன்று வருஷத்துச் சிரிப்பும்
கூரைப் பனிபோல மொத்தமாய் என்மேல் சரிந்தது.

பொழுது சாய்வதற்குள் கோபம் தணிய வேண்டுமாம்.
எட்மண்டனில் பொழுது சாய்ந்த பிறகுதான்
மனுஷர் வீட்டுக்கே வருகிறார்கள்.
அடுத்த அஸ்தமனத்துக்கு
இருபத்திரண்டு மணி நேரம் இருக்கிறது என்று
கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பூட்ஸை மாட்டி வெளியே போனேன். மைனஸ் இருபத்தாறு.
காரேஜில், காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தி ஜெபித்தேன்.
ஜெபம் என்று அதைச் சொல்லலாமா, தெரியவில்லை.
கத்தினேன்.
வாரும், தாரும், அருளும் எதுவும் இல்லாமல்
ஆண்டவரிடம் முதல்முறை பேசினேன்.
கண்ணாடி முழுக்க என் மூச்சு உறைந்து வெளுத்தது.
இடி விழவில்லை.
போதும் என்று யாரும் நிறுத்தவுமில்லை.

பிறகு நடைபாதைப் பனியை வாரினேன்.
பக்கத்து வீட்டு ஒக்ஸானாவின் பாதையையும் சேர்த்து.
பாதி வாரியபோது நினைவுக்கு வந்தது:
ஆலயத்தில் மேசைகளைப் புரட்டியவர்
அதற்கு முன் கயிறு முறுக்கியிருக்கிறார்.
கயிறு முறுக்க நேரமாகும்.
காசைக் கொட்டினார். மேசையைக் கவிழ்த்தார்.
புறாக் கூண்டை மட்டும் தள்ளவில்லை,
கொண்டுபோகச் சொல்லி வாயால் சொன்னார்.
உள்ளே உயிர் இருந்தது அல்லவா.

மேலே ஜன்னலில் வெளிச்சம்.
எஸ்லின் வயலினில் அதே நாலு சுரத்தை
அதே இடத்தில் தப்பாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து கையுறையைக் கழற்றாமலே சொன்னேன்:
"எனக்குக் கோபம்."
குரல் உயரவில்லை. நடுங்கியது.
"தம்பிக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை.
என்னைக் கேட்காமல் கொடுத்தீர்கள், அதைச் சொல்கிறேன்.
மாதம் ஐந்நூறாக அது திரும்பி வர வேண்டும்.
தம்பியிடம் நீங்களே பேசுங்கள்.
நான் சிரித்துக்கொண்டு கேட்கமாட்டேன்."

வேறு யார் வீட்டு மணியையோ
அடித்துவிட்டவர்போலப் பார்த்தார்.
எழுந்துபோய்ச் சப்பாத்திக்கட்டையைக் கழுவினார்,
ஏற்கெனவே கழுவி வைத்ததை.
ரொம்ப நேரம் கழித்து, குழாயைப் பார்த்தபடி,
"உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

அது மன்னிப்புக் கேட்டதா, தெரியவில்லை.
நான் மன்னித்துவிட்டேனா, அதுவும் தெரியவில்லை.
ஜனவரிக்கான ஐந்நூறு வரட்டும்.

காலையில் தாடை வலிக்கவில்லை.
தோள்தான் வலித்தது, பனி வாரியதில்.
பல் மருத்துவருக்குப் போன் செய்தேன்.
கவசம் செய்துவிடுங்கள்.
பழக்கம் ஒரே ராத்திரியில் போகாது.