பங்குச் சுவர்

கேஸ் சிலிண்டரை நகர்த்திய வியாழக்கிழமை
பின்சுவரில் ஒரு கோடு கண்டேன்.
பென்சில் கனம். தரையில் தொடங்கி
ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி வளைந்து
பரண் பலகைக்கு ஏறியிருந்தது,
யாரோ மண் குழைத்து
அவசரமில்லாமல் விரலால் அப்பினாற்போல.

சித்திரையில் முதல் மழை பெய்த இரவு
டியூப்லைட்டுக்கு ஈசல் வந்தது.
விடிந்ததும் ஜன்னல் கட்டையில் கிடந்த இறகுகளை
அரை முறம் அள்ளி வெளியே கொட்டினேன்.
இறகு இங்கே கிடக்கிறதே,
ஈசல் எங்கே போயிற்று என்று
கேட்கத் தோன்றவில்லை.

"செல்லு புடிச்சிருக்குது" என்றேன்.
சென்னியப்பன் சீமெண்ணெய் தேடினார்.
சோமனூர் ரேஷன் கடையில்
சீமெண்ணெய் நின்று எத்தனை வருஷம்!
விளக்குமாற்றுக் கட்டையால் கோட்டின் நடுவில்
இரண்டு விரற்கடை உடைத்தேன்.
சோற்றுப் பருக்கைக்குக் கால் முளைத்ததுபோல்
வெள்ளையாய் ஓடி ஒளிந்தன.
அப்படியே விட்டேன்.
சனிக்கிழமை விடிய
உடைத்த இடம் அடைபட்டிருந்தது.
புது மண். ஈரம் காயாத மண்.
சிவப்பு மண்.

அங்கேயே நின்றேன் கொஞ்ச நேரம்.
எங்கள் தரைக்கடியில் கொட்டியது
கரிசலும் கிரஷர் தூளும்.
லோடு எண்ணி வாங்கியவள் நான்.
செம்மண் அடித்தது
சுவருக்கு அந்தப் பக்கம்,
மூத்தவர் மருதாசலம் பாகத்தில்.

ஏழு வருஷம் ஆயிற்று பாகம் பிரித்து.
பதினொரு தறி:
அவருக்கு ஆறு, எங்களுக்கு ஐந்து.
அந்த ஒரு தறியில் நின்றது பேச்சு.
கருமாதிப் பந்தியிலும்
முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார்கள்.
பூச்சிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.
ஒன்பது அங்குலச் சுவர்
அதற்குப் பொதுவழி.

மருந்தடிக்கிற சூசைராஜ் கருமத்தம்பட்டியிலிருந்து
எக்ஸெல் வண்டியில் வந்தார்.
ஸ்க்ரூடிரைவர் பிடியால்
கதவு நிலையைத் தட்டிக்கொண்டே இறங்கினார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல.
மேலே கெட்டி. நடுவே கெட்டி.
கீழே ஒன்றரை அடி, காலி டின்.
கட்டைவிரலால் அழுத்தினார்.
பெயின்ட் இருந்தது, மரம் இல்லை.

"செம்மண்ணுங்க, அந்தப் பக்கத்துதுங்க"
எடுத்துக் கொடுத்தேன் நான்.
அவர் பேசாமல் குனிந்து
வாஷிங்மெஷின் குழாய்க்கடியில் கை வைத்தார்.
விரல் நனைந்து வந்தது.
"மண்ணு அவிங்களுதுங்க.
ஈரம் உங்களுதுங்க.
ஒரு பக்கம் அடிச்சா மறுபக்கம் போய்க் குடியிருக்கும்.
ரெண்டு ஊட்லயும் துளை போடோணும்."
அவரே போய்
அந்தக் கதவையும் தட்டினார்.

திங்கட்கிழமை டிரில் சத்தம்
காலையில் இங்கே, மதியத்துக்குமேல் அங்கே.
சுவரோரம் அடிக்கு ஒரு துளை,
துளை நிறைய மருந்து,
மேலே வெள்ளை சிமென்ட்.
குழாய்க்கு வாஷர் மாற்றினேன். பதினைந்து ரூபாய்.

பரணிலிருந்த பாகப்பத்திரத்தில்
எல்லை எழுதிய பக்கத்தை மட்டும்
செல்லு தின்றிருந்தது என்று சொல்ல ஆசைதான்.
தின்றது தீபாவளிச் சீட்டு நோட்டும்
பையனின் நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகமும்.

பில்லிலும் தகராறு வந்தது.
எங்கள் பக்கம் முப்பத்தெட்டுத் துளை,
அவர்கள் பக்கம் நாற்பத்தொன்று.
மூன்று துளை ஏன் கூட என்று
சூசைராஜிடம் கேட்டனுப்பினார் மூத்தவர்.
சென்னியப்பன் சிரித்துவிட்டார்.
ஏழு வருஷத்தில் அண்ணன் அனுப்பிய
முதல் கேள்வி.

கோட்டில் ஒரு உடைசலைத் தொடாமல்
வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.
தினம் விடிய செல்போன் வெளிச்சம் அடிக்கிறேன்.
பதினாறு நாளாய் மண் ஏறவில்லை.

நேற்று அதே நேரத்துக்கு
சுவருக்கு அப்பால் தட்டும் சத்தம்.
மேலே. நடுவே. கீழே.
பாக்கியத்தா அக்கா
தன் நிலையைச் சோதிக்கிறாள்.
ஸ்க்ரூடிரைவரை எடுத்து
என் பக்கமும் மூன்று தட்டினேன்,
கெட்டியா என்று பார்க்கத்தான்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அங்கே
நாலாவது கேட்டது.