ஆயிரத்து நாற்பது மீட்டர்

வரைபடத்தில் என் வீட்டின் மேல்
கவராயத்தின் முள்ளை ஊன்றினேன்.
பென்சில் ஒரு சுற்று வந்து நின்றது.
ஒரு கிலோமீட்டர். ஒரு மணி நேரம்.
பிரான்சின் மேற்கு மூலையில்
என் கால்களுக்கு அரசாணை அளந்து போட்ட படி இவ்வளவு.

உள்ளே விழுந்தவை:
ரொட்டிக் கடை, பூட்டிய பள்ளி,
லெ கோஃபின் முட்டைக்கோஸ் வயல் ஒன்றரை,
பாசி ஏறிய கற்சிலுவை,
மேட்டில் முக்கால் பங்கு.
வெளியே நின்றது உச்சி.
உச்சிக்குப் போனால்தான் கடல்.

நான் தபால்காரி.
பகலில் மஞ்சள் வண்டியில் அறுபது கிலோமீட்டர்;
ஒரு காவலரும் கை காட்டியதில்லை.
மாத்திரைகள், மின்கட்டணம்,
பாரிஸிலிருந்து தப்பி வந்து
கோடை வீடுகளில் ஒளிந்தவர்களுக்குப்
பெட்டி பெட்டியாய் ஒயின்.
மாலையில் சீருடையைக் கழற்றியதும்
அதே சாலை
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

கிளம்புமுன் தாள் எழுத வேண்டும்.
எனோரா கெர்வெல்லா ஆகிய நான்
எனோரா கெர்வெல்லா வெளியே போவதற்கு
உறுதி கூறுகிறேன்.
காரணம்: உடற்பயிற்சி.
நேரத்தை மட்டும் பென்சிலில் எழுதுவேன்,
மறுநாள் அழித்துக்கொள்ள.
ஏப்ரல் பாதியில் அந்த இடம் நைந்து
ஓட்டை விழுந்தது.

ஊரெல்லாம் இதே வழக்கு.
தூரம் பறவைக் கணக்கா, பாதைக் கணக்கா?
மாரத்தான் ஓடும் கூல்வென்
தன் கொட்டகையை நாளுக்கு அறுநூறு முறை சுற்றி
புல்லை வட்டமாய்ச் சாகடித்துவிட்டான்.
மருந்துக்கடை மாடியில்
திரைச்சீலை அசைந்துகொண்டே இருக்கும்:
யார், எத்தனையாவது தடவை, எந்த நாயோடு.
நானும் ஒருநாள்
பாரிஸ் எண் பலகை ஒன்றைக் காட்டிக்கொடுத்தேன்.
மனதுக்குள். மனதுக்குள்தான்.

ஆயிரமாவது மீட்டரில் டிஃபென் வீடு.
அவள் வட்டத்தில் கடல் இருந்தது.
ஆறு மணிக்கு அவள் இறங்கி வருவாள்,
நான் ஏறிப் போய் நிற்பேன்,
நடுவில் சாலையின் முழு அகலம்.
"இன்னைக்கு எப்படி?"
"ஈயம்."
"இன்னைக்கு?"
"கசக்கிப் போட்ட தாள்."
"இன்னைக்கு?"
"கடல். அவ்வளவுதான்."
அன்றுதான் எனக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் நிற்கவில்லை.
முள்புதரைத் தாண்டியதும் நீல வண்டி.
இளைஞர். கவசக் கயிறு அறுத்துக்
காது மடல் சிவந்திருந்தது.
தாளைத் தூக்கிப் பிடித்து
ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.
கைப்பேசியில் வட்டம் போட்டார்.
"நாற்பது மீட்டர் கூடுதல், மதாம்."
"காலையில் உங்கள் வீட்டுக்கே பார்சல் கொடுத்தேன்.
இங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்."
"தெரியும், நன்றி.
நூற்று முப்பத்தைந்து யூரோ."

முட்டாள்தனம் என்று சொல்ல
வாய் வரை வந்தது.
என் தங்கை கிழக்கே ஒரு மருத்துவமனையில்
நோயாளிகளைக் குப்புறப் புரட்டுகிறாள்,
ஓர் உடலுக்கு ஐந்து பேர்.
இரவில் போன் செய்வாள், பேசமாட்டாள்;
மூச்சு விடுவது கேட்கும்.
இந்த நாற்பது மீட்டருக்கும் அந்தக் கட்டிலுக்கும்
என்ன சம்பந்தம்?
எனக்குத் தெரியாது.
இல்லை என்று சொல்லவும்
தெரியவில்லை.

அவர் என் பெயரைத் தப்பும் தவறுமாய்த் தட்டிக்கொண்டிருக்க
அவர் தோளுக்கு மேலே பார்த்தேன்.
வெளிறிய பச்சை,
ஓரத்தில் பிரிந்துபோன வெள்ளைத் தையல்.
டிஃபென் ஒருநாளும் சொல்லாத நிறம்.

அபராதச் சீட்டு
இரண்டு வாரம் கழித்து வந்தது, தபாலில்.
நானே பிரித்து அடுக்கி
நானே வண்டியில் ஏற்றி
அறுபது கிலோமீட்டர் ஊர்வலம் விட்டு
கடைசியாக
என் வீட்டுப் பெட்டியில் போட்டேன்.